விற்றவனின் விரல்கள் தெரிவு செய்த கிற்றார்

என் முதல் எலெக்ரிக் கிற்றாரை நான் தெரிவு செய்யவில்லை. அதை விற்ற பெடியனின் விரல்கள்தான் தெரிவு செய்தன.

2018இன் கடைசி மாதம். யாழ்ப்பாண நகரத்தில் ஒரு கடை. பெயர் வேண்டாம், அவர்கள் இன்றும் வியாபாரம் செய்கிறார்கள், நானும் அந்த வழியால்தான் அலுவலகம் போகிறேன். சுவரில் ஏழெட்டுக் கிற்றார்கள் தொங்கின. செம்பரத்தம்பூ நிறத்தில் இருந்த ஒன்றைக் காட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். கடையில் நின்ற பெடியன் அதை இறக்கினான், அம்பிளிபயரில் செருகினான், காலடியில் கிடந்த பெட்டியை மிதித்தான், ஒரு நிமிடம் வாசித்தான். வீதியால் போன இரண்டு மாணவர்கள் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தார்கள். அப்படி வாசித்தான். பிறகு கிற்றாரை என்னிடம் நீட்டி, "நீங்களும் வாசித்துப் பாருங்கள் அண்ணை" என்றான்.

அந்த வாசிப்புக்குப் பிறகு நான் என்னத்தை வாசிப்பது? எனக்குத் தெரிந்தது ஏழு கோர்ட், அதாவது சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுகிற ஏழு பிடிகள். கோயில் திருவிழா இரவுகளில் நண்பர்களின் இசைக்குழுவில் ஓரமாக நின்று தாளத்துக்குத் தட்டுபவன் நான். கூச்சத்தில் ஒரே ஒரு கோர்ட்டைத் தடவிவிட்டு, "நன்றாக இருக்கிறது" என்று சொல்லி 38,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து இரண்டாம் நாள் அக்கா அதன் குறையைக் கண்டுபிடித்தாள். அக்கா மருதனார்மடம் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் வீணை படித்தவள். பாடசாலையில் சங்கீதம் கற்பிக்கிறாள். கிற்றாரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. விறாந்தையில் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டு இருந்தவள் தலை நிமிராமலே, "தம்பி, மேலே போகப் போகச் சுருதி ஏறுகிறது" என்றாள். நான் மறுத்தேன். அவள் சுருதிப் பெட்டியை எடுத்துவந்து மூன்று கட்டையில் வைத்தாள். கிற்றாரின் மிக மெல்லிய தந்தியும் மிகத் தடித்த தந்தியும் நம் கணக்கில் மூன்று கட்டைதான். திறந்த தந்தி சட்ஜத்தோடு கரைந்தது. பன்னிரண்டாவது மெட்டை அழுத்தியதும் இரண்டு ஒலிகளும் ஒன்றோடு ஒன்று உரசி அலை அலையாக அதிர்ந்தன. பக்கத்து வீட்டு நாய்க்கே கேட்டிருக்கும்.

(வீணையில் மெட்டு என்று சொல்வதைத்தான் கிற்றாரில் ஃபிரெட் என்கிறார்கள். எங்கள் வீட்டில் இரண்டுக்கும் மெட்டுதான். தந்திகளைத் தாங்கி நிற்கிற குதிரையும், அதாவது பிரிட்ஜும், அப்படியே.)

பன்னிரண்டாவது மெட்டு தந்தியின் சரிபாதி. அந்த இடத்தில் தந்தியை அழுத்தாமல், விரலால் இலேசாகத் தொட்டு மீட்டினால் மணி போல ஒரு நாதம் வரும். பிறகு அதே இடத்தை அழுத்தி மீட்ட வேண்டும். இரண்டும் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். அழுத்திய சுரம் ஏறி நின்றால், குதிரையில் அந்தத் தந்தி உட்கார்ந்திருக்கும் சிறு துண்டைத் திருகாணியால் பின்னுக்கு நகர்த்தித் தந்தியின் நீளத்தைக் கூட்டலாம். இறங்கி நின்றால் முன்னுக்கு. என் சிவப்புக் கிற்றாரில் அந்தத் துண்டு ஏற்கெனவே பின்பக்கக் கடைசியில் முட்டிக்கொண்டு நின்றது. குதிரையைப் பதித்த இடமே பிழை. வீணையாக இருந்தால் மெழுகை இளக்கி மெட்டுகளை மாற்றி வைக்கலாம். கிற்றாரில் மெட்டு மரத்தை வெட்டி இறக்கியது, அசையாது. போதாததற்கு மூன்றாம் தந்தியில் எட்டாவது மெட்டை அழுத்தினால் ஒன்பதாவது மெட்டு உயர்ந்து நின்று தந்தியில் முட்டிக் கரகரத்தது. கடையில் அந்தப் பெடியன் வாசித்தபோது இரண்டு குறையுமே கேட்கவில்லை. அவன் மிதித்த பெட்டி ஒலியை நன்றாகக் கடித்துக் குதறிக் கொடுத்தது. அதற்குள் எந்தக் கரகரப்பும் ஒளிந்துகொள்ளும். அவன் எட்டாம் மெட்டுப் பக்கம் போனானா என்பதும் எனக்கு நினைவில் இல்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். விற்கிறவன் நல்ல இடத்தைத்தான் காட்டுவான். கெட்ட இடத்தைத் தேடுவது என் வேலையாக இருந்தது.

அடுத்த ஆண்டு இன்னொரு பாடம், இது சற்றுப் பகிடியானது. நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவில் இருந்து வந்த மாமா, தன் மகன் பாவிக்காமல் வைத்திருந்த சின்ன அம்பிளிபயர் ஒன்றைக் கொண்டுவந்தார். சந்தோசத்தில் பின்பக்கத் தகட்டை யாரும் வாசிக்கவில்லை. கனடாவில் 120 வோல்ட், இங்கே 230. செருகி ஆளியைப் போட்ட சில விநாடியில் சாம்பிராணி போல ஒரு புகை எழுந்து அடங்கியது. மாமா எதுவும் பேசாமல் தேநீரைக் குடித்து முடித்தார். வெளிநாட்டில் இருந்து கிற்றார் வந்தால் பயமில்லை, சாதாரணக் கிற்றாருக்கு வீட்டு மின்சாரமே தேவையில்லை. தந்தியின் அதிர்வைப் பிடித்து அம்பிளிபயருக்கு அனுப்புகிற அதன் பிக்கப் காந்தமும் கம்பிச் சுருளும் மட்டும்தான். அம்பிளிபயர் வந்தால் தகட்டைப் பாருங்கள். 120 மட்டும் போட்டிருந்தால் அதன் வாட் அளவுக்கு ஏற்ற ட்ரான்ஸ்போமர் வாங்கும்வரை பெட்டியைத் திறக்காதீர்கள்.

இரண்டாவது கிற்றாருக்குப் பணம் சேர்ந்துகொண்டிருந்த நேரத்தில் 2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. நான் விலை கேட்டு வைத்திருந்த கிற்றார்கள் எல்லாம் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன. 2024இல்தான் மறுபடி தேடத் தொடங்கினேன். கையில் ஒரு இலட்சத்துப் பத்தாயிரம். இந்த முறை ஒரு தீர்மானம்: எவன் எவ்வளவு நன்றாக வாசித்தாலும் என் கை படாமல் முடிவில்லை. ஏழு கோர்ட் என்றால் ஏழு கோர்ட்.

புறப்படுமுன் சித்தப்பாவிடம் போனேன். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் அவரிடம் ஓர் எலெக்ரிக் கிற்றார் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்ட காலம். அம்பிளிபயருக்கு வழி எங்கே? அவர் கிற்றாரின் மேல் கொம்பில் தாடை எலும்பை அழுத்தி வைத்துக்கொண்டு வாசிப்பாராம். மரத்தின் அதிர்வு எலும்பு வழியாகக் காதுக்குப் போகும். "கரண்ட் இல்லாமல் செத்துக் கிடக்கிற கிற்றாரைக் கரண்ட் கொடுத்து எழுப்ப முடியாது" என்பது அவர் கட்சி. பிக்கப்பை மாற்றினால் ஒலி வெகுவாக மாறும் என்பதால் அவர் சொல்வதை நான் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் தாடையை வைத்துப் பாருங்கள். எந்தத் தந்தி நீண்டு ஒலிக்கிறது, எந்த மெட்டில் ஒலி சட்டென்று சாகிறது, எங்கே ஏதோ தளர்ந்து கிணுகிணுக்கிறது என்பதெல்லாம் அப்படியே மண்டைக்குள் கேட்கும். கொழும்புக் கடையில் நான் இதைச் செய்தபோது அங்கே நின்ற பெண்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கட்டும்.

கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போனேன். நண்பன் ஒருவனும் கூட வந்தான். மூன்று வகையை அடுத்தடுத்து வைத்து வாசிக்க வேண்டும் என்பதுதான் பயணத்தின் நோக்கம்: ஸ்குவையர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், எபிஃபோன் லெஸ் பால், யமஹா பசிஃபிக்கா 112வி. ஃபெண்டரும் கிப்சனும் அமெரிக்கக் கிற்றார் நிறுவனங்கள்; ஸ்குவையர் ஃபெண்டரின் விலை குறைந்த வரிசை, எபிஃபோன் கிப்சனுடையது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இல் வந்த வடிவம், லெஸ் பால் 1952. இத்தனை ஆண்டுகளாக உலகம் இந்த இரண்டு உருவங்களைத்தான் மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருக்கிறது.

கையில் எடுத்ததும் முதலில் தெரிவது நீளம். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் தந்தியின் ஒலிக்கும் நீளம் 25.5 அங்குலம், அதாவது 648 மில்லிமீற்றர். லெஸ் பாலில் 24.75, ஏறத்தாழ 628. இரண்டு சென்றிமீற்றரில் என்ன வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். ஒரே கனத் தந்தி, ஒரே சுருதி என்றால் நீளம் குறைந்ததில் இழுவிசை குறைவு. லெஸ் பாலில் தந்தியை வளைத்தபோது, பழைய சைக்கிளில் இருந்து புதிதாக எண்ணெய் விட்ட சைக்கிளுக்கு ஏறியது போல இருந்தது. அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். கமகம் வாசிப்பவளுக்கு அது உடனே விளங்கியது. "அப்படியானால் அதையே எடு" என்றாள். ஆனால் பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன், இருபது நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. லெஸ் பால் நாலு கிலோ அளவில் பாரம். கோயில் வீதியில் மூன்று மணித்தியாலம் நின்று வாசிக்கிறவனின் இடது தோள் பன்னிரண்டாவது நிமிடத்தில் முறைப்பாடு செய்யத் தொடங்கியது. கடைகளில் கதிரை தருவார்கள். கதிரையில் இருந்தே முடிவெடுத்துவிடாதீர்கள்.

அடுத்தது பிக்கப். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஒற்றைச் சுருள் பிக்கப் மூன்று. ஒலி தெளிவு, மெல்லிய மணி ஒலி, கூடவே இரைச்சல். அந்த இரைச்சல் நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் ரீங்காரத்தைச் சுருள் பிடித்துக்கொள்வதால் வருவது. ஹம்பக்கர் என்பது இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சுற்றி, காந்தத்தையும் எதிராக வைத்து அந்த இரைச்சலை ஒன்றையொன்று அடிக்கச் செய்வது. கிப்சனில் வேலை செய்த செத் லவர் 1955இல் செய்தது. லெஸ் பாலில் இரண்டு ஹம்பக்கர். ஒலி தடிப்பு, அமைதி. பசிஃபிக்காவில் குதிரையடியில் ஒரு ஹம்பக்கரும் முன்னால் இரண்டு ஒற்றைச் சுருளும். அதில் டோன் குமிழை மேலே இழுத்தால் ஹம்பக்கரும் ஒற்றைச் சுருளாக மாறும். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தருகிற இப்படியான பொருளை நான் பொதுவாக நம்புவதில்லை. கட்டிலாகவும் மாறுகிற சோபாவை வாங்கியவர்களைக் கேளுங்கள், விளங்கும். இதில் என் எண்ணத்தை மாற்றிக்கொண்டேன்.

ஒப்பிடும்போது நாங்கள் செய்த ஒரு வேலை உதவியது. ஒரே அம்பிளிபயர், எல்லாக் குமிழும் நடுவில், எதிரொலி முதலான சோடனை எதுவும் இல்லை. ஒரே கோர்ட் வரிசை, ஒரே சிறு பாட்டுத் துண்டு. நண்பன் ஒவ்வொன்றையும் தொலைபேசியில் பதிந்தான். ஊருக்கு வந்து எது எது என்று சொல்லாமல் அக்காவுக்குப் போட்டுக் காட்டினோம். தொலைபேசிப் பதிவு நுணுக்கத்தை எல்லாம் காட்டாது என்பது உண்மைதான். ஆனாலும் நான் கடையில் மயங்கி நின்றது லெஸ் பாலின் தேன் நிறத்தில். அக்கா "இது வேண்டாம், மூடிய வாயோடு பாடுவது போல இருக்கிறது" என்று ஒதுக்கியதும் அதையேதான். மற்ற இரண்டுக்கும் இடையில் அவளால் பெரிய வேறுபாடு சொல்ல முடியவில்லை. என்னாலும்தான். கண்ணை மூடியதும் விலைச்சீட்டும் நிறமும் போய்விடுகின்றன.

அன்று எதையும் வாங்காமல் திரும்பினேன். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

மூன்று வாரத்தில், பாவித்த பசிஃபிக்கா 112வி ஒன்று சுன்னாகத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். படிப்பு விசாவில் இங்கிலாந்து போகிற பெடியன் ஒருவன். சைக்கிள், மேசை, கிற்றார் எல்லாம் விற்பனைக்கு. அந்த ஆண்டுகளில் ஊரில் இப்படி எத்தனை வீட்டு விறாந்தைகள். நானும் அக்காவும் போனோம். நான் ஒரு பையில் கொண்டுபோனவை: என் சொந்த வயர், ஒரு புதுத் தந்திக் கட்டு, சுருதிப் பெட்டி, ஒரு விசிட்டிங் கார்ட்.

கிற்றாரில் கிடந்த தந்திகள் துருவேறி விரலில் கறுப்பாக ஒட்டின. கடல் காற்று இருக்கிற ஊரில் தந்தி விரைவில் போய்விடும். பழைய தந்தியில் சுருதியைச் சோதித்தால் குறை தந்தியினுடையதா கிற்றாரினுடையதா என்று சொல்ல முடியாது. "தந்தி பழசு தம்பி, அதுதான்" என்று எந்தக் குறையையும் மூடிவிடவும் முடியும். அதனால் பெடியனிடம் அனுமதி கேட்டு, என் செலவில் 9–42 கட்டு (எண்கள் தந்திகளின் கனத்தைக் குறிப்பவை) ஒன்றைப் பூட்டினேன். பூட்டும்போது மெட்டுகளை உற்றுப் பார்க்கவும் வழி கிடைத்தது. முதல் மூன்று மெட்டுகளில் தந்தி அறுத்த சின்னப் பள்ளங்கள், நகத்தால் தடவினால் இலேசாகத் தட்டுப்பட்டன. பாவித்த கிற்றாரில் அது வழமை. ஆழமானால்தான் செலவு.

பிறகு கழுத்து. தலைப்பக்கத்தில் இருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தச்சன் பலகை பார்ப்பது போல நீளத்துக்குப் பார்த்தேன். முறுக்கு இல்லை. முறுக்கிய கழுத்து என்றால் எழுந்து வந்துவிடுங்கள், அதைத் திருத்துவதாக யார் சொன்னாலும் நம்பாதீர்கள். முன்னால் பின்னால் வளைவது வேறு விடயம். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கோலைத் திருகினால் சரியாகும். தடித்த தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தால் ஏழாம் எட்டாம் மெட்டுகளில் ஒரு மயிரிழை இடைவெளி தெரிய வேண்டும். விசிட்டிங் கார்ட் அங்கே மட்டுமட்டாக நுழைந்தது. அக்கா பிடித்துக்கொண்டாள், நான் நுழைத்தேன். பெடியனின் தாயார் தேநீர்த் தட்டோடு கதவடியில் நின்று, வைத்தியர் வந்திருக்கிறார் என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு நூற்றுமுப்பத்திரண்டு. 22 மெட்டு, 6 தந்தி. ஒவ்வொன்றையும் அழுத்தி, மீட்டி, ஒலி அடங்கும்வரை கேட்க வேண்டும். அம்பிளிபயர் இல்லாமல். அலுப்பான வேலை, பத்து நிமிடத்துக்கு மேல் போகும். சிவப்புக் கிற்றாரில் நான் இதைச் செய்திருந்தால் 38,000 ரூபாய் சட்டைப் பையிலேயே இருந்திருக்கும். உயர்ந்த மெட்டுகளில் தந்தியை ஒரு முழுச் சுரம் ஏறும் அளவுக்கு வளைத்தும் பார்த்தேன். சில கிற்றார்களில் வளைக்கும் வழியில் தந்தி அடுத்த மெட்டில் முட்டி ஒலி செத்துவிடும். விரற்பலகை அதிகம் வளைந்து தந்தி மிகத் தாழ்வாக நின்றால் அது நடக்கும். பசிஃபிக்காவின் பலகை சற்றுத் தட்டையானது, முட்டவில்லை. அக்கா சுருதிப் பெட்டியை வைத்து ஆறு தந்திகளின் பன்னிரண்டாம் மெட்டையும் கேட்டாள். இரண்டாம் தந்தி மட்டும் நூலளவு ஏறி நின்றது. குதிரையில் நகர்த்த இடம் தாராளமாக இருந்தது. அங்கேயே நகர்த்தினோம்.

கடைசியாகத்தான் அம்பிளிபயர். செருகியதும் ஒற்றைச் சுருளில் வண்டுக் கூடு போல ஓர் இரைச்சல். எனக்கு நெஞ்சு இறங்கிவிட்டது. தந்தியைத் தொட்டேன், சற்றுக் குறைந்தது. அப்படிக் குறைந்தால் கிற்றாருக்குள் எர்த் வயர் ஒழுங்காக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். (தொட்டதும் விரலில் சுள்ளென்று இருந்தால் உடனே கையை எடுத்துவிட்டு ஆளியை நிறுத்துங்கள். அது வீட்டு வயரிங்கிலோ அம்பிளிபயரிலோ உள்ள பிழை, உயிர் சம்பந்தப்பட்டது. எர்த் இல்லாத பழைய வீடுகள் நம்மிடம் இருக்கின்றன.) அக்காதான் முகட்டைப் பார்த்து, "அந்த மின்விசிறியை நிறுத்திப் பாருங்கள்" என்றாள். நிறுத்தியதும் பாதிக்கு மேல் போய்விட்டது. மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ரெகுலேட்டரின் வேலை. மீதியில் பெரும்பங்கு, நான் கதிரையை அரைவட்டம் திருப்பி இருந்ததும் போனது. கடையிலோ வீட்டிலோ இரைச்சல் கேட்டால் கிற்றாரைக் கைவிடுமுன் அறையைச் சந்தேகியுங்கள்.

குமிழ்களை முழுதாகச் சுழற்றினேன், கரகரப்பு இல்லை. டோன் குமிழை இழுத்தேன், ஒலி மெலிந்தது, வேலை செய்கிறது. வயர் செருகும் துளையில் வயரை ஆட்டியபோது ஒலி விட்டுவிட்டு வந்தது. தளர்ந்த துளை சின்ன வேலைதான், ஆனால் விலை பேச ஒரு கைப்பிடி. பெடியன் 90,000 சொன்னான். துளையையும் முதல் மூன்று மெட்டுகளையும் காட்டினேன். 82,000க்கு முடிந்தது. மறைக்காமல் எல்லாவற்றையும் பார்க்க விட்டவனிடம் இன்னும் அடித்துப் பேச மனம் வரவில்லை. அக்காவுக்கு இதில் உடன்பாடு இல்லை. இன்னும் இரண்டாயிரம் குறைத்திருக்கலாம் என்று மானிப்பாய் வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தாள்.

சிவப்புக் கிற்றார் அதன் பிறகும் அலுமாரிக்கு மேலே கிடந்தது. போன மாதம் அலுவலக நண்பர் ஒருவரின் மகன், ஏ.எல். எடுத்துவிட்டு வீட்டில் நிற்பவன், அதைப் பார்க்க வந்தான். "பன்னிரண்டாயிரம் தா. குறை இரண்டு இருக்கிறது. நான் சொல்லுமுன் நீயே தேடிப் பார்" என்றேன். அவன் கிற்றாரைக் கையில் வாங்கி, புரட்டிப் பார்த்து, திரும்ப என்னிடம் நீட்டினான்.

"அண்ணை, நீங்கள் ஒருமுறை வாசித்துக் காட்டுங்களேன்."

மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடக் குசினிக்குள் போனேன். கேத்திலில் தண்ணீர் கொதிக்கத் தொடங்குகிற நேரம், விறாந்தையில் இருந்து மூன்றாம் தந்தியின் அந்தக் கரகரப்புக் கேட்டது. சற்று நின்று, அதே இடத்தை அவன் இன்னொரு முறை அழுத்தினான்.